தோட்டத்தில் பெயர் தெரியாத பூச்சியா? அடையாளம் காண ஒரு வழிகாட்டி

பெயர் தெரியாத பூச்சியைத் தோட்டத்தில் பார்த்ததும் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. மருந்தடிப்பார்கள், அல்லது கைபேசியில் அவசரமாக ஒரு படம் எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்பார்கள். முதல் வழியில் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும். இரண்டாவது வழியில் ஆளுக்கொரு பெயர் வரும். இரண்டாவது வழியில் அலைந்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் கேட்டதெல்லாம் அதே சில கேள்விகள்தான்: எந்தச் செடியில் இருந்தது, எவ்வளவு நீளம், பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா, எந்த ஊர், என்ன தேதி. இவை கையில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணராலும் ஊகிக்கத்தான் முடியும். ஆகவே இந்த வழிகாட்டியில் படத்துக்கும் குறிப்புக்கும் முக்கிய இடம் உண்டு.

1. தொடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள்

பெரும்பாலான தோட்டத்துப் பூச்சிகள் ஒன்றும் செய்யாதவை. ஆனால் எது ஒன்றும் செய்யாதது என்பது பெயர் தெரிந்த பிறகுதானே தெரியும்? அதுவரை வெறுங்கையால் தொட வேண்டாம். முடியடர்ந்த கம்பளிப்பூச்சிகள் அரிப்பைத் தரும். கொப்புள வண்டுகளின் உடலிலிருந்து வரும் திரவம் பட்டால் தோல் கொப்புளிக்கும். ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி இருக்கும், எறும்பைவிடச் சற்று நீளமான ஒல்லி வண்டு ஒன்று உண்டு. இரவில் விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலின் மேல் அதை நசுக்கினால் உள்ளே இருக்கும் நஞ்சு பட்டு, ஒன்றிரண்டு நாளில் சூடுபட்டது போன்ற புண் வரும். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள், அப்புறம் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிடிக்க வேண்டுமென்றால் மூடியோடு கூடிய கண்ணாடிச் சீசாவும் ஒரு துண்டு அட்டையும் போதும். சீசாவால் மூடி, அடியில் அட்டையை நுழைத்து, அப்படியே தூக்கிவிடலாம்.

மருந்தைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நாள் தாமதத்தால் வளர்ந்த செடி பெரும்பாலும் செத்துவிடாது. தாங்க முடியாத அளவுக்குக் கூட்டமாக இருந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டி எடுங்கள், அல்லது தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். சில பூச்சிகளை மட்டும் சீசாவில் பிடித்து வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். ஆதாரத்தை அழித்துவிட்டுக் கேள்வி கேட்டால் பதில் வராது.

2. எந்த அளவுக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

அறிவியல் இதுவரை பெயர் வைத்திருக்கும் பூச்சி இனங்கள் ஏறக்குறைய 10 லட்சம். அவற்றில் வண்டுகள் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம். பெயர் வைக்கப்படாதவை இன்னும் ஏராளம். பல இனங்களை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் பிரிக்கவே முடியும். படத்தை வைத்து இனப்பெயர் வரை போவது எல்லாப் பூச்சிக்கும் சாத்தியமில்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் நிறைய எரிச்சல் மிச்சம்.

தோட்டக்காரருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ‘அசுவினி’, ‘மாவுப்பூச்சி’ (இரண்டும் செடியின் சாற்றை உறிஞ்சுபவை), ‘ஒட்டுண்ணிக் குளவி’ (மற்றப் பூச்சிகளுக்குள் முட்டையிடுவது) என்ற அளவிலான பதில்தான். எந்த அசுவினி என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அடுத்து செய்யப்போகும் வேலை பெரும்பாலும் ஒன்றே. துல்லியமான இனப்பெயர் வேண்டியது சில நேரம் மட்டும்: இதுவரை அந்தப் பகுதியில் பார்த்திராத பூச்சி செடிகளைக் கூட்டமாக அழிக்கிறது என்றால், யாரையாவது கடித்து உடம்புக்கு வந்துவிட்டது என்றால், விற்பனைக்கான பயிர் என்றால். அழகாக இருக்கிறது, பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசையும் நியாயமான காரணம்தான். அதற்குப் பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

3. படங்கள்: ஒன்று போதாது

முதலில் பூச்சி இருக்கும் இடத்திலேயே, அதைத் தொந்தரவு செய்யாமல், தூரத்திலிருந்து ஒரு படம். செடி முழுவதும் தெரிய வேண்டும். பிறகு மெதுவாக நெருங்கி எடுங்கள். நெருங்கும்போது உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் விழுந்ததும் பறந்துவிடும்.

அடையாளம் சொல்பவருக்கு வேண்டிய கோணங்கள் இவை: நேர் மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, முகத்துக்கு நேராக, முடிந்தால் வயிற்றுப் பக்கமும். எல்லோரும் மேலிருந்து ஒன்று எடுத்து நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் கால்கள் எங்கே முளைக்கின்றன, வாய் ஊசியாக இருக்கிறதா தாடையாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். வயிற்றுப் பக்கத்துக்கு ஒரு சுலப வழி: கண்ணாடிச் சீசாவில் விட்டு, கீழிருந்து எடுத்துவிடுங்கள்.

அளவு தெரிய, பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். ‘சின்னதாக இருந்தது’ என்பதில் ஒரு பயனும் இல்லை. 3 மில்லிமீட்டரும் சின்னதுதான், 12 மில்லிமீட்டரும் சின்னதுதான்.

கைபேசி அருகில் போனால் படம் மங்கும். மிக அருகில் போகாமல், சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் பல நேரம் தெளிவாக வரும். கைபேசியில் மாட்டும் சிறிய மேக்ரோ லென்ஸ் விலை குறைவு. தோட்ட வேலை தொடர்ந்து செய்பவர்களுக்குப் பிரயோஜனம். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வைத்திருப்பது அதைவிட நல்லது. செலவு என்று இந்த விஷயத்தில் நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான். நுண்ணோக்கி வாங்கும் எண்ணம் வந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும் பூச்சியை மூடிய சீசாவோடு குளிர்பெட்டியில் ஒரு பத்து நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும். உறையவைக்கும் பகுதியில் வேண்டாம், செத்துவிடும். வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால், மறுபடி சூடேறி நடக்கத் தொடங்குவதற்குள் நாலைந்து படம் எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு பொறி. அரட்டைச் செயலி வழியாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும், எடுத்த தேதியும் இடமும் பெரும்பாலும் அழிந்துவிடும். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புவது இன்னும் மோசம். மூலப்படத்தை ‘ஆவணம்’ என்ற வகையில் இணைத்து அனுப்புங்கள்.

4. படத்தோடு போக வேண்டிய குறிப்பு

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். எழுத வேண்டியவை: தேதி, நேரம், இடம், பூச்சியின் நீளம், எந்தச் செடி, செடியின் எந்தப் பகுதி, என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை இருந்தன. இவற்றில் செடியின் பெயர்தான் தங்கம். பல பூச்சிகள், அதிலும் பட்டாம்பூச்சிப் புழுக்கள், குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்பவை. செடி தெரிந்தால் ஆயிரக்கணக்கான இனங்களிலிருந்து ஒரு கைப்பிடிக்கு வந்துவிடலாம். செடியின் பெயரும் தெரியவில்லையா? இலை, பூ, காய் மூன்றையும் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

‘தின்றுகொண்டிருந்தது’ என்பதும் ‘உட்கார்ந்திருந்தது’ என்பதும் வேறு வேறு. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஓட்டை விழுந்த இலையில் பகலில் உட்கார்ந்திருக்கும் பூச்சியே ஓட்டை போட்டது என்று சொல்லிவிட முடியாது. தின்றது இரவில் வந்து போன நத்தையாகவோ, மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வெட்டுப்புழுவாகவோ இருக்கலாம். இருட்டிய பிறகு ஒரு கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

5. கால்களை எண்ணுங்கள்

வளர்ந்த பூச்சிக்கு 6 கால். 8 கால் இருந்தால் சிலந்தி அல்லது உண்ணி வகை. இலையின் அடியில் மெல்லிய நூலோடு, புள்ளி புள்ளியாக நகரும் சிவப்புச் சிலந்தி என்பது இந்த உண்ணிக் கூட்டம்தான். இந்த வேறுபாட்டுக்கு நடைமுறை விளைவு உண்டு: சாதாரணப் பூச்சிமருந்து அடித்தால் சிவப்புச் சிலந்தியைத் தின்னும் இனங்கள் செத்து, அது முன்னைவிடப் பெருகிவிடுவது வழக்கமான கதை.

14 கால், சாம்பல் நிறம், கல்லைப் புரட்டினால் ஓடும், சிலது உருண்டுகொள்ளும் என்றால் அது நண்டின் உறவான மரப்பேன். மக்கியதைத் தின்பது, விட்டுவிடலாம். உடலின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு ஜோடிக் கால் என்றால் பூரான், இரண்டு ஜோடி என்றால் மரவட்டை.

6. இறக்கையையும் வாயையும் பாருங்கள்

முதுகின் நடுவே நேர்கோடாகச் சந்திக்கும் கெட்டியான உறை இருந்தால் வண்டு. முதுகில் முக்கோணமும், இறக்கைகள் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவமும் தெரிந்தால் நாவாய்ப்பூச்சி. வண்டுக்குக் கடிக்கும் தாடை, நாவாய்ப்பூச்சிக்கு உறிஞ்சும் ஊசி. இலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா, வெளுத்துச் சுருண்டிருக்கிறதா என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். உறிஞ்சும் பூச்சி இலையைக் கடித்து ஓட்டை போடாது.

இரண்டே இறக்கை என்றால் ஈ வகை. தேனீக்கும் குளவிக்கும் நான்கு. மஞ்சளும் கறுப்பும் வரிவரியாக, பூவுக்கு முன்னால் காற்றில் அசையாமல் நிற்கும் ஒன்றைக் குளவி என்று பயந்து அடிக்கிறார்கள். கண் பெரிதாகவும் உணர்கொம்பு குட்டையாகவும் இருந்தால் அது மிதவை ஈ. கொட்டத் தெரியாது. அதன் புழுக்கள் பல அசுவினியைத் தின்று வளர்பவை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆசியப் பொறிவண்டு ஒரே இனம்தான்; ஆரஞ்சு நிறத்தில் கறும்புள்ளியோடும் வரும், கறுப்பு நிறத்தில் சிவப்புப் புள்ளியோடும் வரும். அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. பறக்கும் இறக்கை வந்துவிட்ட பூச்சி அதற்கு மேல் வளர்வதில்லை. சின்ன ஈ, பெரிய ஈயின் குட்டி அல்ல, வேறு ஈ.

7. புழுவும் இளம்பூச்சியும்: அதிகம் ஏமாறும் இடம்

தோட்டத்தில் ‘இது என்ன விசித்திரம்’ என்று தோன்றுவதில் பெரும்பகுதி ஏதோ ஒரு சாதாரணப் பூச்சியின் இளம்பருவம்தான். பச்சை நாவாய்ப்பூச்சியின் இளசுகள் கறுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். பெரிதையும் சிறிதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே முடியாது. இறக்கை முழுதாக இல்லை, கூட்டமாக இருக்கிறது என்றால் இளம்பருவமோ என்று சந்தேகப்படுங்கள்.

கால் இல்லாத புழு பெரும்பாலும் ஈ வகை, அல்லது கூன்வண்டு. மண்ணுக்குள் அரைவட்டமாக வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவுக்கு முன்பக்கம் 6 கால் இருந்தால் அது வண்டுப் புழு. இலை தின்னும் புழுவுக்கு முன்னால் மூன்று ஜோடி நிஜக் கால்களும், பின்னால் சதைப்பற்றான பொய்க்கால்களும் இருக்கும். பொய்க்கால்களை எண்ணுங்கள். 5 ஜோடி வரை என்றால் பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழு. 6 ஜோடியோ அதற்கு மேலோ என்றால் ரம்பக் குளவியின் புழு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு என்று விற்கும் பாக்டீரியா மருந்து ரம்பக் குளவிப் புழுவை ஒன்றும் செய்யாது. கால் எண்ண ஒரு நிமிடம் செலவழித்தால் மருந்துச் செலவு மிஞ்சும்.

சரி, இனி தவறாகக் கொல்லப்படுபவை. பொறிவண்டின் புழு நீளமாக, கறுப்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, முதுகில் முள் முள்ளாக, பார்த்தாலே மிரட்டும். அசுவினிக் கூட்டத்துக்குள் இது ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், உங்கள் வேலையை அது செய்கிறது. பொறிவண்டு வகை ஒன்றின் புழு வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், மாவுப்பூச்சியைத்தான் தின்னும். வித்தியாசம் என்னவென்றால், அது அளவில் பெரிது, வேகமாக நடக்கும். குப்பையை முதுகில் சுமந்துகொண்டு தானாக நகரும் சின்ன உருண்டை, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. அதுவும் நம் ஆள்.

எந்த வழியிலும் பிடிபடாத புழுவை வளர்த்துப் பார்க்கலாம். அகலமான சீசா, அடியில் கொஞ்சம் ஈரமண், மேலே மெல்லிய துணி, புழு இருந்த செடியின் இலை. இலையைத் தினமும் மாற்ற வேண்டும், எச்சத்தை அள்ள வேண்டும், வெயிலில் வைக்கக்கூடாது. கூட்டுப்புழு ஆன பிறகு ஓரிரு வாரத்திலும் வெளிவரலாம், குளிர்காலம் முடியும்வரை மாதக்கணக்கிலும் இழுக்கலாம். சில நேரம் பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குளவி ஒன்று வெளியே வரும். புழுவுக்குள் ஏற்கெனவே ஒட்டுண்ணி முட்டையிட்டிருந்தது என்று அர்த்தம். அதையும் படம் எடுத்து வையுங்கள், மதிப்புள்ள பதிவு.

8. பூச்சி இல்லை, தடயம் மட்டும் என்றால்

இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல் அரைவட்டங்கள், ரோஜாவில் அதிகம்: இலைவெட்டித் தேனீ. தின்பதற்கு அல்ல, கூடு கட்ட எடுத்துப் போகிறது. இலைக்குள் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடு: இலைக்குள் வாழும் புழு. தண்டில் எச்சில் நுரை: விரலால் விலக்கினால் உள்ளே இளம்பூச்சி ஒன்று இருக்கும். மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. கெட்டியான நுரை போன்ற பழுப்புக் கட்டி கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. புழுவின் முதுகில் அரிசி மணிகளைப் போல் வெள்ளையாக ஒட்டியிருப்பவற்றை முட்டை என்று நினைக்கிறார்கள். அவை ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். உப்பிப்போய்ப் பழுப்பாக, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினியும் குளவி தாக்கியதுதான்.

இலைகள் பிசுபிசுக்கின்றன, கரிபடிந்தது போல் இருக்கின்றன, எறும்பு வரிசை ஏறுகிறது என்றால் எறும்பைக் குற்றம் சொல்லாமல் அதற்கு மேல் இருக்கும் இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டுங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ அங்கே இருக்கும்.

9. செயலியிடம் கேளுங்கள், பதிலைச் சரிபாருங்கள்

படத்தை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகளான ஐநேச்சுரலிஸ்ட், அதன் எளிய வடிவமான சீக், கூகுள் லென்ஸ் ஆகியவற்றைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். சீக்குக்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். நான் முதலில் போவது ஐநேச்சுரலிஸ்டுக்கு. காரணம், கணினி சொல்லும் ஊகத்தோடு நிற்காமல் மனிதர்களும் பார்த்துத் திருத்துகிறார்கள். படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, இனப்பெயரில் அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ‘ஆய்வுத்தரம்’, அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்தத்தக்கது என்ற தகுதி பெறும். வீட்டு இருப்பிடம் வெளியே தெரியக்கூடாது என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. பதிவேற்றும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு பதிவில் ஒரு பூச்சி மட்டும். நான்கு கோணப் படங்கள் ஒரே பதிவில் போக வேண்டும். நான்கு வெவ்வேறு பூச்சிகள் நான்கு பதிவுகளில்.

கணினியின் முதல் ஊகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது ஏதாவது ஒரு பெயரைச் சொல்லப் பார்க்கும். அந்த இனத்தின் பரவல் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கண்டத்திலேயே இல்லாத பூச்சி என்றால் சந்தேகம்தான். பிறகு அந்த இனத்தின் மற்றப் படங்களோடு கால், உணர்கொம்பு, இறக்கை நரம்பு என்று ஒப்பிடுங்கள். நிச்சயம் இல்லையென்றால் ‘வண்டு’ என்று மட்டும் போட்டுவிடுங்கள். வண்டு பார்ப்பவர்கள் அதைத் தேடி வருவார்கள். தவறான இனப்பெயர் போட்டால் சரியான ஆள் கண்ணில் படாமலே போகலாம்.

பிரபலமான பட்டாம்பூச்சிக்குச் சில மணி நேரத்தில் பதில் வந்துவிடும். சின்ன ஈக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் மாதக்கணக்கில் வராமலும் போகும். அந்தக் குழுக்களைப் பார்ப்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

10. மாதிரியை அனுப்புவது

பயிர்ச்சேதம், அல்லது உடல்நலம் சம்பந்தப்பட்டது என்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, அரசு வேளாண் அலுவலகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றை அணுகலாம். சில இடங்களில் கட்டணம் இல்லை, சில இடங்களில் உண்டு. டி.என்.ஏ. சோதனை வரை போனால் செலவு கூடும். பொட்டலம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: மாதிரி வாங்குகிறார்களா, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளாகும், எப்படிப் பதப்படுத்தி அனுப்ப வேண்டும், மாதிரி திரும்பக் கிடைக்குமா. கேட்காமல் அனுப்பிய பொட்டலம் எங்காவது ஒரு மேசையில் கிடக்கும்.

அசுவினி, புழு போன்ற மெத்தென்ற உடம்புள்ளவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். புழுவை நேராகப் போட்டால் கறுத்துவிடும். அதற்கு முன் கொதிக்கும் சூட்டில் உள்ள நீரில் சில விநாடி முக்கி எடுங்கள். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டையும் ஆல்கஹாலில் போடவே கூடாது, செதில்கள் உதிர்ந்துவிடும். காயவைத்து, மடித்த காகித உறைக்குள் வையுங்கள். வண்டுகளையும் காய்ந்த நிலையில் பஞ்சு வைத்த சிறு டப்பாவில் அனுப்பலாம். ஒட்டுநாடாவில் ஒட்டி அனுப்பாதீர்கள், பிரித்தெடுக்கும்போது கால் கையோடு வந்துவிடும்.

சீட்டைப் பென்சிலால் எழுதிச் சீசாவுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். தேதி, இடம், செடி, பிடித்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும். ஆல்கஹால் தீப்பற்றும் பொருள் என்பதால் அஞ்சலில் கட்டுப்பாடு இருக்கும். அனுப்பும் முன் விசாரியுங்கள். உயிருள்ள பூச்சியை அனுப்பாதீர்கள், நாட்டு எல்லை தாண்டி என்றால் நிச்சயமாகக் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

வாரக் கடைசியில் அனுப்பினால் பொட்டலம் சூட்டில் கிடந்து அழுகும். வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். படங்களைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்பி, அதே எண்ணையோ பெயரையோ சீட்டிலும் குறித்துவிட்டால் இரண்டையும் அவர்கள் பொருத்திக்கொள்வார்கள்.

பதில் ‘குடும்பம் (பல இனங்கள் அடங்கிய பெரிய பிரிவு) வரை சொல்ல முடிகிறது’ என்று வந்தால் அதுவும் பதில்தான். மூலப்படங்களையும் குறிப்பையும் அழிக்காதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் போட்ட பதிவையும் நீக்க வேண்டாம். பல மாதம் கழித்து அந்தக் குழுவைத் தெரிந்த ஒருவர் வந்து பெயரைப் போட்டுவிட்டுப் போவது அங்கே சகஜம்.